பவளப்பாறையைக் கட்டுவது யார்?



பொங்கல் நெருங்கும்போது வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வாழும் நமக்குச் சுண்ணாம்புக்கல் என்றவுடன் சங்ககிரிதான் நினைவுக்கு வரும். அது நிலத்தைத் தோண்டி எடுக்கும் கல். ஆனால் தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையுள்ள கடற்கரையில் நெடுங்காலம் சுண்ணாம்புக்கான கல்லைக் கடலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். தோணியில் சென்று, கடப்பாரையால் பெயர்த்து, கரைக்குக் கொண்டுவந்து, சூளையில் இட்டுச் சுட்டார்கள். வீடு கட்டவும் அதே கல் பயன்பட்டது. பின்னர் தொழிற்சாலைகளும் அதைக் கேட்டன. 'முருகைக்கல்' என்று அதற்குப் பெயர்.

அந்தக் கல்லைச் செய்தது ஓர் உயிரினம். அது பல நூறு ஆண்டுகளில் செய்து வைத்ததை மனிதன் சில பத்து ஆண்டுகளில் பெயர்த்து எடுத்தான். அதன் விளைவாகக் கடலில் அலைகளின் போக்கு மாறியது. மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளுள் இரண்டு நீருக்குள் மறைந்துவிட்டன. மூன்றாவதாக ஒரு தீவு மறையும் தறுவாயில் இருந்தபோது அதைக் காப்பாற்றும் முயற்சி தொடங்கியது.

இழந்த பவளப்பாறையை மனிதனால் மீண்டும் உண்டாக்க முடியுமா? முடியும் என்றால் எந்த அளவுக்கு? இக்கேள்விக்கு விடை காண உயிரியல் மட்டும் போதாது. ஒளி, வெப்பம், அலை, மிதப்பு விசை ஆகிய பௌதிகப் பாடங்களும் தேவைப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கல்லுக்குள் ஒரு கூட்டு வாழ்க்கை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு. பாறை கட்டும் பவளம் வேறு. இரண்டும் உறவினர்களே. ஆனால் நகைப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஆழத்தில் வளர்வது. அது பெரும் பாறைகளைக் கட்டுவதில்லை. நாம் பேசப்போவது வெப்பக் கடல்களில், ஆழமில்லாத நீரில், பாறை கட்டும் பவளத்தைப் பற்றி.

இப்பவள உயிரி மிகச் சிறியது. பெரும்பாலான வகைகளில் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். சிறு குழாய் போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்விழைகள். அவ்வளவுதான். இரவில் உணர்விழைகளை நீட்டி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும். கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு தன் அடியில் கால்சியம் கார்பனேட்டால் ஆன கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். இலட்சக்கணக்கான உயிரிகள் அடுத்தடுத்துக் கட்டும் கிண்ணங்கள் சேர்ந்துதான் பாறையாகின்றன. பழைய கிண்ணத்தின் மேல் புதிய கிண்ணம் எழும்பும். ஆகவே பாறையின் மேற்பரப்பு மட்டுமே உயிருள்ளது. உள்ளே இருப்பதெல்லாம் முன்னோர் விட்டுச்சென்ற கட்டடம்.

இவ்வளவு சிறிய உயிரி இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்ட ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பவளத்தின் உடல் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரைப் பொருள்களை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. பவளம் அவற்றுக்கு இருப்பிடமும் கரியமில வாயுவும் சத்துப் பொருள்களும் அளிக்கிறது. பவளத்துக்கு அழகிய நிறங்கள் வருவதிலும் பாசிக்குப் பெரும்பங்கு உண்டு. பவளம் விலங்குதான். ஆயினும் பயிரைப் போல அதற்கு வெயில் வேண்டும். இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மன்னார் வளைகுடா

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே, இராமேசுவரத்துக்குத் தெற்கே உள்ள கடற்பரப்பு மன்னார் வளைகுடா. இங்குத் தூத்துக்குடி முதல் மண்டபம் வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிறு தீவுகள் சங்கிலிபோல் அமைந்துள்ளன. தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நான்கு தொகுதிகளாக அவற்றைப் பிரிப்பர். தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறைகள் உள்ளன. பாறை கட்டும் பவளங்களில் மட்டும் 117 வகைகள் இங்கே பதிவு செய்யப்பட்டுள்ளன. 1947-ஆம் ஆண்டு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட பின்னர் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது.

1986-ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் இதைவிடப் பன்மடங்கு பெரிய பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. எனினும் கல்லெடுப்பு உடனே நின்றுவிடவில்லை. பாறை கட்டும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் இணையாகச் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. கரைக்கு முன்னே பாறை இருப்பதன் அருமையைக் கடற்கரை மக்கள் அப்போது உணர்ந்தார்கள். 2005-ஆம் ஆண்டளவில் பவளக்கல் எடுப்பது நின்றது.

அதற்குள் ஏராளமான பாறைப் பரப்பு அழிந்துவிட்டது. தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலாங்குச்சல்லித் தீவும், கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவும் நீரில் மூழ்கிவிட்டன. பாறை போனால் தீவு ஏன் போக வேண்டும்? இங்குதான் பௌதிகம் வருகிறது.

அலையை உடைக்கும் அரண்

கடல் அலை ஆற்றலைச் சுமந்து வருகிறது. அந்த ஆற்றல் அலை உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு மீட்டர் உயரமுள்ள அலையில், கடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 1250 ஜூல் ஆற்றல் உண்டு. உயரம் அரை மீட்டராகக் குறைந்தால் ஆற்றல் பாதியாவதில்லை. நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. அதாவது சுமார் 310 ஜூல். உயரம் கால் மீட்டரானால் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும்.

ஆழ்கடலிலிருந்து வரும் அலை ஆழமில்லாத இடத்தை அடைந்ததும் அதன் அடிப்பகுதி தடைபடுகிறது. மேற்பகுதி முந்திச் செல்கிறது. நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அலை கவிழ்ந்து உடைகிறது. பவளப்பாறை என்பது கரைக்கு வெகுமுன்பே இருக்கும் ஆழமில்லாத ஒரு மேடு. எனவே அலை அங்கேயே உடைந்துவிடுகிறது. மேலும், பாறையின் மேற்பரப்பு கிளையும் பிளவும் பொந்துமாகக் கரடுமுரடாக இருக்கிறது. உராய்வினால் மிச்ச ஆற்றலும் குறைகிறது. உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014-ல் வெளிவந்த ஆய்வொன்று, பவளப்பாறைகள் அலை ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைத்துவிடுகின்றன என்று காட்டியது.

மன்னார் வளைகுடாத் தீவுகள் மணலாலும் பவளத் துண்டுகளாலும் ஆனவை. அவை கருங்கல் மலைகள் அல்ல. முன்னே இருந்த அரணைப் பெயர்த்து எடுத்தபின், அதுவரை பாறையில் உடைந்த அலைகள் நேரே மணற்கரையில் வந்து மோதின. அலை கொண்டுபோன மணல் திரும்பவில்லை. கடல்மட்ட உயர்வும் சேர்ந்துகொண்டது. தீவு தேய்ந்தது.

வான் தீவைக் காத்த முயற்சி

தூத்துக்குடிக்கு அருகில் உள்ளது வான் தீவு. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புக் கொண்டிருந்த இத்தீவு, 2014 வாக்கில் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் விலாங்குச்சல்லியின் கதியே இதற்கும் நேர்ந்திருக்கும்.

தமிழ்நாடு அரசு, தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வேலை தொடங்கியது. கான்கிரீட்டால் ஆன கட்டுகள் கரையில் வார்க்கப்பட்டுத் தீவின் முன்னே கடலடியில் இறக்கப்பட்டன. சில ஆண்டுகளில் இறக்கப்பட்டவை பத்தாயிரத்துக்கும் மேல். இவற்றைச் செயற்கைப் பாறைகள் என்கிறோம்.

இக்கட்டுகளின் வடிவத்தைக் கவனியுங்கள். அடி அகலம், மேற்பகுதி குறுகல், பக்கங்களில் துளைகள். ஏன் இப்படி?

கான்கிரீட்டின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோகிராம். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1025. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, கரையில் 1000 கிலோகிராம் நிறையுள்ள கான்கிரீட் கட்டு கடலுக்குள் சுமார் 570 கிலோகிராம் நிறைக்குரிய எடையையே காட்டும். எஞ்சிய எடையை நீர் தாங்கிக்கொள்கிறது. எடை குறைந்துபோன கட்டை அலை எளிதில் புரட்டிவிடலாம். அடி அகலமாக இருந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, புரள்வது கடினமாகிறது. துளைகள் இருந்தால் நீர் ஊடே சென்றுவிடுவதால் கட்டின் மேல் விழும் விசை குறைகிறது. அதே சமயம், துளைக்குள் புகும் நீர் சுழன்று கலங்கித் தன் ஆற்றலை இழக்கிறது. மதில் சுவர் போல ஒரே தடுப்பாகக் கட்டினால் அலை சுவரின் அடியிலுள்ள மணலைக் குடைந்து எடுத்துவிடும். துளையுள்ள கட்டுகளை வரிசையாக வைத்தால் அலை படிப்படியாகத் தளர்கிறது.

துளைகளால் மற்றொரு பயனும் உண்டு. மீன்களுக்கு அவை வீடு. கலவா போன்ற மீன்கள் பொந்துகளை நாடுபவை.

கட்டுகள் இறங்கிய பின்னர் தீவு தேய்வது தடைபட்டு, மணல் சேரத் தொடங்கியது. கட்டுகளின் மேல் பவள இளம் உயிரிகள் தாமாகவே வந்து ஒட்டி வளர்ந்தன. மீன்கள் பெருகின. இந்த அனுபவத்தைக் கொண்டு, அதே தொகுதியில் தேய்ந்துவரும் காரைச்சல்லித் தீவையும் காப்பதற்கான திட்டம் உலக வங்கி உதவியுடன் வகுக்கப்பட்டுள்ளது.

ஒன்றை நன்றாக உணர வேண்டும். கான்கிரீட் கட்டு பவளப்பாறை ஆகிவிடாது. உயிருள்ள பாறை ஆண்டுதோறும் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொண்டு வளரும். கான்கிரீட் வளராது. அது அலையைத் தளர்த்தும். பவளம் ஒட்டிக்கொள்ள உறுதியான பிடிமானம் தரும். அதற்கு மேல் கட்ட வேண்டியது பவளம்தான்.

கடலடியில் ஒரு நாற்றங்கால்

இளம் உயிரிகள் தாமாக வந்து ஒட்டும்வரை காத்திராமல், பவளத்தை நட்டு வளர்க்கவும் முடியும். முருங்கைக் கிளையை ஒடித்து நட்டால் மரமாகிறதல்லவா? கிளைவிட்டு வளரும் பவள வகைகளில் ஒரு துண்டை எடுத்துத் தக்க இடத்தில் கட்டிவைத்தால் அதுவும் தனிக் குடியிருப்பாக வளரும். தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் 2002-ஆம் ஆண்டு முதல் இம்முறையைக் கையாண்டு வருகிறார்கள். மன்னார் வளைகுடாவிலேயே கிடைக்கும் பவள வகைகளின் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வைக்கிறார்கள். வெளியூர்ப் பவளத்தைக் கொண்டுவருவதில்லை. உள்ளூர் நீருக்கும் வெப்பத்துக்கும் பழகியவையே பிழைக்கும்.

கிளைப் பவளம் நல்ல நிலையில் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பாறையாக வளரும் வகையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் உயரமுள்ள உருண்டைப் பவளத்தை ஒருவன் கடப்பாரையால் பெயர்க்க எவ்வளவு நேரமாகும்? அரை மணி எனலாம். அதைத் திரும்ப வளர்க்க நூறு ஆண்டு வேண்டும்.

மின்சாரத்தால் கல் விளைவித்தல்

வேறொரு முறை மின்பகுப்பை அடிப்படையாகக் கொண்டது. வுல்ஃப் ஹில்பெர்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1970-களில் இதைக் கண்டறிந்தார். இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்றைக் கடலில் இறக்கி, சில வோல்ட்டு நேர்மின்னோட்டம் செலுத்த வேண்டும். சட்டம் எதிர்மின்வாய். எதிர்மின்வாயில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. அதையொட்டிய நீர் காரத்தன்மை பெறுகிறது. கார நீரில் கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கரைந்து நிற்க முடியாமல் கம்பியின் மேல் வெள்ளைப் படலமாகப் படிகின்றன. கம்பி துருப்பிடிப்பதும் தவிர்க்கப்படுகிறது. அந்தப் படலத்தின் மேல் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள்.

சேலத்து மாணவர்களுக்கு மெக்னீசியம் புதிதன்று. நம் ஊரின் மேக்னசைட் குன்றுகளை ஆங்கிலேயர் 'சுண்ணாம்புக் குன்றுகள்' என்றே அழைத்தனர். அது கால்சியம் கார்பனேட் அல்ல, மெக்னீசியம் கார்பனேட். இரண்டும் வெள்ளைக்கல்; இரண்டும் கார்பனேட்; ஆனால் உலோகம் வேறு.

இம்முறைக்குப் பெயர் பெற்ற இடம் இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள பெமுத்தெரான் என்ற கடற்கரைக் கிராமம். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன்பிடித்ததால் அங்குப் பாறைகள் சிதைந்திருந்தன. 1998-ல் கடல்நீர் சூடேறியபோது மேலும் அழிந்தன. சுற்றுலாவை நம்பியிருந்த கடற்கரை விடுதிகளும், மீனவர்களும், ஹில்பெர்ட்ஸும் அவருடைய தோழர் தாமஸ் கோரோவும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் மின்னூட்டிய சட்டங்களை இறக்கத் தொடங்கினார்கள். ஊர் மக்களே கடற்காவல் செய்து வெடிவைப்பதைத் தடுத்தார்கள். 2012-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பரிசு ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. பெமுத்தெரானின் வெற்றிக்கு மின்சாரம் பாதிக் காரணம் என்றால், கடற்காவல் மறுபாதிக் காரணம். இந்தியாவிலும் குஜராத்தின் கட்ச் வளைகுடாவில், மிதாப்பூருக்கு அருகே, 2020 ஜனவரியில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் இம்முறையைச் சோதனையாகத் தொடங்கியது.

தெளிந்த நீரும் மேயும் மீன்களும்

பவளத்துக்கு வெயில் வேண்டும் என்று முன்பே கண்டோம். நீரில் ஒளி எவ்வளவு ஆழம் செல்லும்? தெளிந்த நீர் ஒவ்வொரு மீட்டரிலும் ஒளியில் பத்தில் ஒரு பங்கை விழுங்குகிறது என்று கொள்வோம். 4 மீட்டர் ஆழத்தில் எஞ்சுவது 0.9 × 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.66. மூன்றில் இரண்டு பங்கு ஒளி கிடைக்கிறது. கலங்கிய நீர் ஒவ்வொரு மீட்டரிலும் பத்தில் மூன்று பங்கை விழுங்கினால் எஞ்சுவது 0.7 × 0.7 × 0.7 × 0.7 = 0.24. நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆழம், அதே வெயில், பவளம் அரைப்பட்டினி. கடலடியைச் சுரண்டும் இழுவலையும், கரையிலிருந்து வரும் சேறும் கழிவுநீரும் இப்படித்தான் பவளத்தைக் கொல்கின்றன.

கழிவுநீரால் இன்னொரு கேடும் உண்டு. அதிலுள்ள சத்துப் பொருள்களால் பெரும்பாசிகள் செழித்துப் பவளத்தின் மேல் போர்வையாகப் படர்கின்றன. இவற்றை மேய்ந்து அடக்குபவை ஓரா, கிளிமீன் போன்ற மீன்கள். அவற்றையும் அளவின்றிப் பிடித்துவிட்டால் பாசிக்குத் தடையில்லை. வணிகத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாபைக்கஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசி, மண்டபம் அருகிலுள்ள குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூச்சடைக்கச் செய்ததை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். கையால் அகற்றினாலும் ஒட்டியுள்ள சிறு துண்டிலிருந்து அது மீண்டும் தழைக்கிறது.

பாறைக்கும் கரைக்கும் இடையே கடற்புல் வெளிகள் உள்ளன. கடற்புல் வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்கிறது. நீரில் மிதக்கும் வண்டலைப் படியவைத்து நீரைத் தெளிவாக்குகிறது. அது நீரைத் தெளிவாக்குவதால் பவளம் வாழ்கிறது. பவளப்பாறை அலையை உடைப்பதால் கடற்புல் வாழ்கிறது. அந்தப் புல்லை மேய்வது ஆவுளியா எனும் கடற்பசு. இப்போது மிக அருகிவிட்ட விலங்கு அது. அதைக் காக்க, அடுத்துள்ள பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022-ல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. பாறை, புல், மீன், ஆமை, கடற்பசு ஆகியவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்துக் காக்க முடியாது.

வெப்பம் என்னும் தடை

இதுவரை சொன்னவை எல்லாம் உள்ளூரில் நாம் செய்யக்கூடியவை. ஆனால் ஒரு பகை உள்ளூரில் அடங்குவதில்லை. அதுதான் வெப்பம்.

ஓர் இடத்தின் கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி சென்டிகிரேட் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளத்துக்குள் இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை குலைகிறது. அப்போது நச்சுத்தன்மையுள்ள பிராணவாயுப் பொருள்கள் உண்டாகின்றன. பவளம் வேறு வழியின்றிப் பாசியை வெளியேற்றுகிறது. பாசி போனதும் நிறமும் போய்விடுகிறது; வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைப் பவள வெளிறல் என்பர். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. அது பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் இறக்கும்.

விஞ்ஞானிகள் இதை 'டிகிரி-வாரம்' என்ற கணக்கால் அளக்கிறார்கள். உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி வெப்பம் நான்கு வாரம் நீடித்தால் 1 × 4 = 4. இந்த அளவில் வெளிறல் எதிர்பார்க்கலாம். இரண்டு டிகிரி நான்கு வாரம் நீடித்தால் 2 × 4 = 8. இந்த அளவில் பவளங்கள் பெருமளவில் சாகத் தொடங்கும். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே நாம் படுத்துவிடுகிறோம் அல்லவா? பவளத்துக்கு நோய் உடலில் இல்லை. வாழும் வீட்டிலேயே காய்ச்சல்.

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் மிகவும் சூடாக இருக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்குக் கடும் வெளிறல் ஏற்பட்டது. 2016-க்கு முன் பாறைப் பரப்பில் 100-க்குச் சுமார் 39 பங்கு உயிருள்ள பவளமாக இருந்தது. அக்கோடைக்குப் பின் அது சுமார் 23 பங்காகக் குறைந்தது. 2023-ல் தொடங்கிய உலகளாவிய வெளிறலை விஞ்ஞானிகள் நான்காவது பெரும் வெளிறலாகக் கணக்கிட்டுள்ளனர்.

நீரின் வெப்ப ஏற்புத்திறன் மிகுதி என்று படித்திருக்கிறீர்கள். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4200 ஜூல் வேண்டும். ஆகையால் கடல் எளிதில் சூடாகாது. அப்படிப்பட்ட கடலே சூடாகிறது என்றால் எவ்வளவு வெப்பம் உள்ளே செல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காற்றில் மிகுந்துவரும் கரியமில வாயுவும் பிற வாயுக்களும் பூமியில் தேக்கிவைக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலே ஏற்றுக்கொண்டுள்ளது.

நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையும் கடல் கரைத்துக்கொள்கிறது. கரைந்த வாயு கார்பானிக் அமிலமாகிறது. கடற்பரப்பு நீரின் பி.எச். எண் தொழிற்புரட்சிக் காலத்துக்கு முன் சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. வேறுபாடு 0.1 தானே என்று எண்ணிவிடாதீர்கள். அது மடக்கை அளவுகோல். 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். அவை கார்பனேட் அயனிகளோடு கூடிவிடுவதால், பவளத்துக்கு வேண்டிய கட்டுமானப் பொருளே குறைகிறது.

ஃபேர்லேண்ட்ஸுக்கும் வான் தீவுக்கும் என்ன தொடர்பு?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் விளக்கைப் போடும் மாணவனுக்குக் கடல் வெகு தொலைவு. ஆனால் அவன் விளக்குக்கு மின்சாரம் தரும் அமைப்பில் மேட்டூர் அனல்மின் நிலையமும் ஒன்று. அங்கு எரியும் நிலக்கரியிலிருந்து வரும் கரியமில வாயு சேலத்து வானத்தோடு நின்றுவிடுவதில்லை. அது உலகக் காற்றோடு கலந்து எல்லாக் கடலையும் எட்டுகிறது. வீணாக எரியும் மின்விளக்கை அணைப்பதால் மட்டும் ஒரு பாறை பிழைத்துவிடாது என்பது உண்மையே. ஆனால் நாடுகள் நிலக்கரியைக் குறைக்காமல், பத்தாயிரம் கட்டுகளைக் கடலில் இறக்கினாலும் அவற்றின் மேல் வளரும் பவளம் அடுத்த கொடுங்கோடையில் வெளிறிப்போகும் என்பதும் உண்மை.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பவளப்பாறையைக் கட்டுவது பவளமே. மனிதன் கட்ட முடியாது. ஒளி புகும் தெளிந்த நீர், அளவான வெப்பம், அசையாத பிடிமானம், பாசியை மேயும் மீன் ஆகிய நான்கையும் தந்து அவன் விலகி நின்றால் போதும். பிடிமானத்தைச் சில ஆண்டுகளில் தந்துவிடலாம். மற்ற மூன்றையும் தருவதற்கு நம் பழக்கங்கள் மாற வேண்டும்.

இராமேசுவரத்துக்குச் சுற்றுலா சென்றால் பவளத் துண்டுகளையோ கடற்குதிரையையோ வாங்காதீர்கள். விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஆழமில்லாத நீரில் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். உங்கள் ஒரு காலடி, அந்த உயிரிகளின் பல ஆண்டு உழைப்பு.

செய்து பாருங்கள்

1. முட்டை ஓட்டுத் துண்டு ஒன்றைக் காடியில் போடுங்கள். எழும் குமிழிகள் கரியமில வாயு. முட்டை ஓடும் பவளத்தைப்போலக் கால்சியம் கார்பனேட்டே. மேக்னசைட் கல் துண்டு கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள். அது ஏன் அவ்வளவு விரைவாகக் குமிழிடவில்லை என்று வேதியியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

2. அகன்ற தட்டில் ஒரு புறம் ஈர மணலால் கரை அமைத்து, மறுபுறம் நீர் விடுங்கள். அட்டையால் நீரை மெல்லத் தள்ளி அலை எழுப்புங்கள். கரை எத்தனை அலையில் சரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு நடுவில் சிறு கற்களை இடைவெளி விட்டு வரிசையாக வைத்து மீண்டும் எண்ணுங்கள். மூன்றாவதாக, கற்களுக்குப் பதில் ஒரு செங்கல் துண்டை வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வினாக்கள்

1. ஓர் அலையின் உயரம் 2 மீட்டரிலிருந்து 0.5 மீட்டராகக் குறைந்தால் அதன் ஆற்றல் எத்தனையில் ஒரு பங்காகும்?

2. ஒவ்வொரு மீட்டரிலும் பாதி ஒளியை விழுங்கும் நீரில் 3 மீட்டர் ஆழத்தில் எத்தனை பங்கு ஒளி எஞ்சும்?

3. கோடை உச்சத்துக்கு மேல் 1.5 டிகிரி வெப்பம் 6 வாரம் நீடித்தால் எத்தனை டிகிரி-வாரம்? பவளம் என்ன ஆகும்?

விடைகள்: 1. பதினாறில் ஒரு பங்கு. 2. எட்டில் ஒரு பங்கு. 3. ஒன்பது, பெருமளவில் இறக்கும்.